அடுப்பங்கரையில் குருத்தோலை

"இன்னொரு துண்டு மீன் வை ஹெர்மினா" என்று கோஸ்மாஸ் தட்டை நீட்டினார்.

ஹெர்மினா வைத்தாள். வைத்த வேகத்தில் குழம்பு அவர் சட்டையில் தெறித்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுட்ட மரவள்ளி அடையைப் பிட்டு, குழம்பில் தோய்த்து, கண்ணை மூடி மென்றார். அவள் கணவனின் அண்ணன் அவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மூன்று வேளையும் இந்த அடுப்பங்கரையில்தான் அவருக்குச் சாப்பாடு. தம்பி அகாபிதுஸ் பப்புவாவில் மரம் அறுக்கும் ஆலையில் கிடக்கிறான். கிறிஸ்துமஸுக்கு மட்டும் மெலிந்து கறுத்து வந்து இறங்குவான். ஆகவே வீட்டுக்கு ஆண் துணை என்றால் கோஸ்மாஸ்தான், குடும்பத்துக்குத் தலைக்கட்டு என்றாலும் கோஸ்மாஸ்தான். அவருக்குச் சோறு போடுவதில் ஹெர்மினாவுக்கு ஒருநாளும் மனத்தாங்கல் இருந்ததில்லை. ஆனால் தன் மகள் ஊரைவிட்டுப் போகும் வழியை அடைத்துவிட்டு, அதே மனிதர் தன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மீன் முள்ளை ஒவ்வொன்றாக உருவி வைப்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கப்பல் நாளைக்கு வருது அத்தான்."

"வரட்டும்."

"லாத்தா அதுல போகணும்."

"போகட்டுமே. நானா வேணாம்னேன்? பெட்டி கட்டியாச்சா? அந்த நீலக் கம்பளிய மறக்காம வைக்கச் சொல்லு. அம்போன்ல மழை புடிச்சா விட்டுத் தொலையாது."

"எப்படிப் போவா? பறந்தா?"

கோஸ்மாஸ் விரல்களை நக்கிவிட்டுத் தண்ணீர்ச் செம்பைத் தேடினார்.

போன மாதம் வரை இந்தத் தீவில் கப்பல் ஏறுவதென்றால் கரையிலிருந்து சின்னப் படகில் ஏறி, அலையில் பாதி நனைந்து, கப்பலின் கயிற்று ஏணியைத் தொத்திப் பிடிக்க வேண்டும். கர்ப்பிணிகளும் கிழவர்களும் ஆடுகளும் அப்படித்தான் ஏறினார்கள். பல வருஷம் கெஞ்சிய பிறகு அரசாங்கம் சிமெண்டில் ஒரு படகுத்துறை கட்டிக் கொடுத்தது. திறந்து வைக்க மாவட்ட அதிகாரி வந்தார். வெளியாள் யார் வந்தாலும் கரையில் கால் வைக்குமுன் அந்தக் கரைக்குச் சொந்தக்காரக் குடும்பம் வெற்றிலை பாக்கு கொடுத்து அழைக்க வேண்டும். கரை கோஸ்மாஸ் குடும்பத்துக்குச் சொந்தம். விடியற்காலையிலிருந்து அவர் புதுக் கால்சட்டையோடு துறையில் நின்றார். அதிகாரி வரவில்லை. வெயில் ஏறியது, அதிகாரி வரவில்லை. ஓர் அலை வந்து கால்சட்டையை முழங்கால் வரை நனைத்தது. மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று அவர் வீட்டுக்கு ஓடிய நேரம் பார்த்துப் படகு வந்துவிட்டது. அதிகாரி ஒரு காலைத் தூக்கியபடி யாராவது அழைப்பார்களா என்று விழித்தார். அப்போது போனி, தாம்பாளம் ஏந்தி நின்ற பெண்ணிடமிருந்து அதை வாங்கி வெற்றிலையை நீட்டிவிட்டான். போனி வேறு யாருமில்லை, ஹெர்மினாவின் சொந்த அண்ணன். அவன் குடும்பத்துக்கு மேட்டுக் காடு சொந்தமே தவிர, கரையில் ஒரு பிடி மணல் கிடையாது. கோஸ்மாஸ் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தபோது அதிகாரி வெற்றிலையை மென்றுகொண்டு போனியின் தோளில் கை போட்டுப் படத்துக்கு நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் படகுத்துறையின் முதல் கம்பத்தில் கோஸ்மாஸ் கட்டிய தென்னங்குருத்து தொங்கியது. கறுப்புப் பாறையிலிருந்து அலையாத்திக் காடு வரை கரை முழுக்க, ஊருக்குள் வருவதும் ஊரைவிட்டுப் போவதும் அடைபட்டது; மீனுக்கும் பாசிக்கும் மட்டும் தடையில்லை. குருத்து தொங்கினால் தொங்கியதுதான், கட்டினவர் குறை தீர்ந்து இறக்கும் வரை யாரும் மீறக்கூடாது. தோப்பில் கட்டினால் தேங்காய் விழுந்து முளைத்தாலும் பொறுக்க ஆளில்லை; கடலில் கட்டினால் காலில் இடறும் சங்கைக்கூடத் தாண்டிப் போக வேண்டும். போலீஸ்காரன் பக்கத்துத் தீவிலிருந்து வந்தான், குருத்தைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றிவிட்டு, வந்த படகை அப்படியே திருப்பிக்கொண்டு போனான். அவனும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதானே. போன முறை வந்த கப்பல் தூரத்தில் நின்று சங்கு ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, வெங்காய மூட்டையையும் சர்க்கரை மூட்டையையும் சுமந்துகொண்டு அப்படியே போய்விட்டது. தீவின் மறுபக்கம் செங்குத்துப் பாறை. கிழக்குக் காற்று வீசும் இந்த மாதங்களில் அங்கே பைத்தியக்காரன்கூடப் படகு இறக்கமாட்டான். ஊரே கோஸ்மாஸை வாய்க்கு வந்தபடி திட்டியது. ஆனால் திட்டியவர்களில் ஒருவர்கூடக் குருத்தை அவிழ்த்துவிடலாம் என்று சொல்லவில்லை. ஹெர்மினாவே இரண்டு தடவை அந்தக் கம்பம் வரை போனாள். சுற்றுமுற்றும் யாரும் இல்லை. வெறும் ஓலை, ஒரு முடிச்சு. கை எழவில்லை. ஊரார்மேல் வந்ததைவிட அந்தக் கையின்மேல்தான் அவளுக்கு எரிச்சல் அதிகம்.

போனி ஒரு பித்தளைப் பீரங்கியை அபராதமாகக் கொண்டுவந்து வைத்தால் குருத்து இறங்கும். எந்தக் காலத்திலோ கப்பல்காரர்கள் விட்டுப்போன குட்டிப் பீரங்கிகள் அவை. கல்யாணத்துக்குச் சீராகவும் சண்டைக்குத் தண்டமாகவும் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன, யாரும் சுட்டதில்லை. போனியிடம் ஒன்று இருந்தது. கொடுக்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தான்.

லாத்தாவுக்கு அம்போனில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. இந்த ஊரிலிருந்து இதுவரை ஒரு பெண்ணுக்கும் கிடைக்காத இடம். வகுப்பு தொடங்கும் நாளில் ஆள் வந்து நிற்காவிட்டால் அடுத்தவளுக்குக் கொடுத்துவிடுவார்கள். நாளைய கப்பலை விட்டால் அதற்கடுத்தது இரண்டு வாரம் கழித்துத்தான். இதை ஹெர்மினா கோஸ்மாஸிடம் சொல்லாத வேளையில்லை.

"சொல்லித் தொலைங்க அத்தான். ஒரு வெத்தலைக்கு என் பொண்ணு படிப்பா?"

"வெத்தலையா?" கோஸ்மாஸ் எழுந்து கை கழுவினார். அவர் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் கொடுமை. "எங்க தாத்தன் மண்ணுல நின்னுக்கிட்டு உங்க அண்ணன் இன்னொருத்தன வான்னு கூப்பிட்டிருக்கான். அப்ப நான் யாரு, அங்க மீன் காயப்போடறவனா? எனக்கு மட்டும் ஆசையா? ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. புள்ள போகணும். உங்க அண்ணன்கிட்ட பேசு."

அவள் பேசினாள். பேசுவதற்காகவே மேட்டுத் தெருவுக்கு ஏறிப் போனாள். போனியின் வாசலில் அந்தப் பீரங்கி கிடந்தது. அதன்மேல் வலை உலர்ந்தது, வலையின்மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, அந்தச் சனியனக் குடுத்துத் தொலையேன்."

"எதுக்கு? நான் என்ன திருடினேனா?" போனி படகு இயந்திரத்தின் திருகை முடுக்கிக்கொண்டே பேசினான். "வந்த மனுஷன் ஒத்தக் கால்ல நிக்கிறான். உங்க அத்தான் கால்சட்டை மாத்தப் போயிட்டாரு. தாம்பாளம் புடிச்ச பொண்ணு அழ ஆரம்பிச்சிருச்சு. நான் எடுத்து நீட்டி ஊர் மானத்தக் காப்பாத்தினேன். நியாயப்படி பாத்தா அவருதான் எனக்கு ஒரு பீரங்கி தரணும்."

"உன் மருமக போக முடியாது. புரியுதா உனக்கு?"

"அத அங்க போயி கேளு." அவன் உள்ளே போனான். திரும்பி வரும்போது கையில் ஒரு புதுப் பெட்டி, அடியில் சக்கரம் வைத்தது. கரை அடைபடுமுன்பே துவால் நகரத்திலிருந்து ஆள் சொல்லி வாங்கியது. "இத லாத்தாகிட்ட குடு. தாய்மாமன் வெறுங்கையா அனுப்பினான்னு பேச்சு வரக்கூடாது. இழுத்துக்கிட்டே போகலாம், தூக்க வேணாம்."

ஹெர்மினா அந்தப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மணலில் கால் புதையப் புதைய இறங்கினாள். பெரியப்பன் கம்பளி கொடுக்கிறான், தாய்மாமன் பெட்டி கொடுக்கிறான், பக்கத்து வீட்டுக்காரி கருவாடு பொட்டலம் கட்டிக் கொடுக்கிறாள். எல்லாரும் எல்லாம் கொடுக்கிறார்கள், வழியை மட்டும் யாரும் விடுவதில்லை. இவர்களை என்ன செய்வது? வழியில் ஊர்த்தலைவர் பஸ்காலிஸ் எதிர்ப்பட்டு, சட்டென்று குறுக்குச் சந்தில் திரும்பப் பார்த்தார். அவள் விடவில்லை.

"ரெண்டு பக்கமும் நமக்கு வேண்டியவங்க அக்கா" என்றார் அவர் தலையைச் சொறிந்துகொண்டு. "கப்பல் போகட்டும். போனதும் மொத வேலையா கூட்டம் போட்டுப் பேசிருவோம்."

வீட்டில் லாத்தா முற்றத்தில் உட்கார்ந்து கடற்பாசி நாற்றுகளைக் கயிற்றில் முடிந்துகொண்டிருந்தாள். நாளைக்குக் கப்பலேறுகிற பெண் செய்கிற வேலையா அது? பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள், சக்கரத்தை விரலால் உருட்டிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சமாதானம் சொல்வதாக நினைத்துச் சொன்னாள்.

"விடும்மா. அடுத்த வருஷம் எழுதிப் போட்டுப் போய்க்கிறேன்."

அந்த ஒரு பேச்சுதான் ஹெர்மினாவால் தாங்க முடியாதது. இந்த ஊரில் அடுத்த வருஷம் என்று சொன்னவர்கள் எல்லாரும் சாயங்காலமானால் வாலிபால் திடலில் நிற்கிறார்கள். மாலுமிப் படிப்புக்குப் போக இருந்தவன் இன்றைக்குத் தேங்காய் உரிக்கிறான். டீச்சராக வேண்டியவள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இதே கடற்பாசிக் கயிற்றை முடிகிறாள். அந்தப் பாசியும் பாதி வருஷம் வெளுத்து உதிர்ந்து போகிறது. ஒருவரும் கெட்டவர்கள் இல்லை, ஒருவரும் சோம்பேறிகள் இல்லை. ஏதோ ஒரு கப்பலுக்கு ஏதோ ஒரு காரணம் வந்தது, அவ்வளவுதான். தன் பெண்ணும் அந்தக் கூட்டத்தில் போய் நிற்பதை நினைத்ததும் ஹெர்மினா உள்ளே போய் அரிவாளை எடுத்தாள்.

கொல்லையில் இருந்த குட்டைத் தென்னையில் நடுக்குருத்தை வெட்டினாள். வீட்டுக்குப் பின்னால் தனியாக நின்ற அடுப்பங்கரையின் வாசலில், நிலைக்கு மேலே அதைக் கட்டினாள். லாத்தா கயிற்றைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, உடனே அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். மதியச் சாப்பாட்டுக்குச் சரியான நேரத்துக்கு வந்த கோஸ்மாஸ், வாசலை நெருங்கிவிட்டு, சுவரில் மோதியவர்போல நின்றார்.

ஓலையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கேட்டே ஆகவேண்டிய கேள்வியைக் கேட்டார். தலைக்கட்டு என்றால் அவர்தானே கேட்க வேண்டும்.

"யாரு பேருல கட்டியிருக்க?"

ஹெர்மினா யோசிக்கவில்லை. எது அவருக்கு அதிகம் உறைக்குமோ அது வாயில் வந்தது.

"என் மக இமாகுலாத்தா பேருல. அவளுக்கு அநியாயம் நடந்திருக்கு. அவ வழி திறக்கற வரைக்கும் இந்த அடுப்பு எரியாது."

பெண் பிள்ளை குருத்து கட்டலாமா என்று யாரும் கேட்கவில்லை. கட்டக்கூடாது என்று எங்கும் இல்லை, இதுவரை யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவே. உள்ளே அடுப்போரம் பப்பாளிப்பூப் பொரியலும் மீனும் இறக்கி வைத்த சூட்டோடு மணத்தன. கோஸ்மாஸ் ஓர் அடி பின்னால் வைத்து, திரும்பி நடந்தார்.

மதியம் அவர் அத்தை மகள் வீட்டுக்குப் போனார். "உங்க வீட்டு அடுப்புல குருத்து தொங்குது. இங்க சோறு போட்டா எங்க அடுப்புக்கு என்ன பேரு வரும்?" என்று அவள் கதவோரம் நின்றே பேசி அனுப்பிவிட்டாள். கடைக்குப் போய் பிஸ்கட் கேட்டார். போன கப்பல் சரக்கை இறக்காமல் போனது யாரால் என்று கடைக்காரி திருப்பிக் கேட்டாள். வாலிபால் திடலில் பையன்கள் அவரைக் கண்டதும் பந்தை வேகமாக அடித்துச் சிரிப்பை மறைத்தார்கள். ஓர் இளநீரைக் குடித்துவிட்டு, சாயங்காலம் ஹெர்மினாவின் முற்றத்துக்கே வந்து, வேலியோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவளும் லாத்தாவும் பப்பாளிப் பழத்தைத் தின்றுகொண்டிருந்தார்கள். அவருக்கும் ஒரு துண்டை நீட்டலாமா என்று லாத்தா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பார்க்கவில்லை என்று தெரிந்ததும் நீட்டினாள்.

செய்தி மேட்டுத் தெருவுக்கு எட்டி, போனி சிரித்துக்கொண்டே இறங்கி வந்தான். "பட்டினி போட்டுட்டியா? நல்லா வேணும்" என்று ஆரம்பித்தவன், அடுப்பங்கரை வாசலைப் பார்த்ததும் அடங்கிப் போனான். அந்த அடுப்பின் மூன்று கல்லையும் தங்கையின் கல்யாணத்தன்று மேட்டிலிருந்து சுமந்து வந்து வைத்தது அவன் அப்பா. பெண்ணைக் கொடுத்த வீட்டின் கல் அணைந்து கிடக்கிறது என்றால் அது கொடுத்தவன் முகத்தில் பூசிய கரி. இதை அவன் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. ஹெர்மினாவும்தான்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்க நீ?" என்றான் மெதுவாக.

"உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்."

அவன் வேலியின் மறுமுனையில் உட்கார்ந்தான். இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருட்டும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்கள்.

காலையில் கடல்விளிம்பில் வெள்ளைப் புள்ளியாகக் கப்பல் தெரிந்தபோது, போனி பீரங்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினான். வழி நெடுக ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தான், அதில் பிரார்த்தனை எதுவும் இல்லை. துறைக்குப் பக்கத்தில் பாய் விரித்து இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். கோஸ்மாஸ் பீரங்கியைக் குனிந்து பார்த்தார்.

"கோழி எச்சம் ஒட்டியிருக்கு."

"தொடச்சுதான் எடுத்தாந்தேன்."

"இதுவா தொடச்சது? தண்டம் கட்ட வர்றவன் பித்தளையத் தேச்சுக் கொண்டுவர மாட்டானா?"

"வேணும்னா வாங்கு, இல்லன்னா நான் திரும்பிப் போறேன்."

"இப்பிடியே பேசிக்கிட்டிருங்க ரெண்டு பேரும்" என்று ஹெர்மினா தலையில் அடித்துக்கொண்டாள். "கப்பல் போனதும் ஊர்த்தலைவரு கூட்டம் போடுவாரு, அங்க வச்சு தேச்சுக்கலாம்."

கோஸ்மாஸ் தன் சட்டை நுனியால் எச்சத்தைத் துடைத்தார். வெற்றிலை மாறியது. பெரியவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். தாத்தன் பெயர், தாத்தனுக்குத் தாத்தன் பெயர், எந்தத் தீவிலிருந்து எந்தப் படகில் வந்தார்கள் என்பது வரைக்கும் ஒன்றையும் விட்டுவைக்காமல் பேசினார்கள். கப்பல் சங்கு ஊதியது. மண்ணில் சாராயம் தெளித்தார்கள். கப்பல் இரண்டாம் முறை ஊதியது. ஹெர்மினா நகத்தைக் கடித்துத் துப்பினாள். கடைசியில் கோஸ்மாஸ் எழுந்து போய்க் கம்பத்துக் குருத்தை அவிழ்த்துக் கடலில் விட்டார். அவ்வளவுதான், ஊர் முழுக்கத் துறையில் ஏறி ஓடியது. கடைக்காரி எல்லோருக்கும் முன்னால் ஓடினாள்.

கப்பல் முதல் தடவையாகத் துறையை ஒட்டி நின்று பலகையைப் போட்டது. லாத்தா சக்கரப் பெட்டியைச் சிமெண்டில் கடகடவென்று இழுத்துக்கொண்டு போனாள். பாதித் துறையில் நின்று திரும்பினாள்.

"அம்மா. அடுப்பங்கரை."

ஹெர்மினாவுக்குப் புரியவில்லை. கோஸ்மாஸுக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் தொங்கிப் போனது.

"அவ பேருல கட்டியிருக்க" என்றார். "யாரு பேருல கட்டினதோ அவ கையாலதான் இறக்கணும். அவ இல்லாம நாங்க யாரும் தொட முடியாது."

"அப்ப இப்பவே போயி இறக்கிருவோம்."

"நெனச்ச உடனே இறக்கறதா அது? பாய் விரிக்கணும், ரெண்டு பக்கமும் உக்காரணும், பேசணும்." அவர் பெரியவர்களைப் பார்த்தார். பெரியவர்கள் தலையாட்டினார்கள். சற்றுமுன் பேசி முடிக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். மூட்டைகள் இறங்கிவிட்டன. பலகையின் அந்தப் பக்கம் நின்ற மாலுமி கையை ஆட்டி, ஏறுவதானால் ஏறு என்று கத்தினான்.

தன் பெயரில் கட்டியிருந்தால் தானே இறக்கியிருக்கலாம். வாயில் அந்தப் பெயர் ஏன் வந்தது? எரிச்சலில் வந்தது. ஹெர்மினா நெற்றியில் அறைந்துகொண்டாள்.

"நான் இருந்து அவுத்துட்டு அடுத்த கப்பல்ல..." என்று லாத்தா பெட்டியைத் திருப்பினாள்.

ஹெர்மினா ஓடிப்போய் மகளின் தோளைப் பிடித்துக் கப்பல் பக்கமாகத் திருப்பினாள். பெட்டி தடுக்கி இருவரும் விழப் பார்த்தார்கள்.

"வாய மூடிக்கிட்டு ஏறு."

"சமைக்க எங்கம்மா போவ?"

"எங்கயாவது போறேன். ஏறுடி."

கட்டியணைக்கக்கூட நேரமில்லை. முதுகில் கை வைத்துத் தள்ளினாள். பலகையின்மேல் இரண்டு எட்டு தள்ளிக்கொண்டே போய், மாலுமி மறித்ததும் நின்றாள். போனி கீழே நின்று, கம்பளி எங்கே, கம்பளியை எடுத்தாளா என்று கேட்டான். கோஸ்மாஸ் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு வருவாள் என்றார்கள். கப்பல் கூலிக்கு எங்கே போவது, படிப்பு முடிந்துதான் வருவாள் என்றும் சொன்னார்கள். படிப்பு மூன்று வருஷம். ஹெர்மினா முற்றத்தில் கல் கூட்டி, தார்ப்பாயை மேலே கட்டி, போனியின் மனைவியிடம் இரவல் வாங்கிய பானையில் சமைக்கிறாள். அவளுடைய துருவியும் வாணலியும் உப்புச் சாடியும் உள்ளேதான் இருக்கின்றன. அன்றைக்கு ஊறப்போட்ட மரவள்ளி உள்ளே பானையோடு புளித்து, காற்று திரும்பும்போதெல்லாம் முற்றம் வரைக்கும் நாறுகிறது. கோஸ்மாஸ் மூன்று வேளையும் தட்டோடு வந்துவிடுகிறார். இன்றைக்கு அரிசி கொதிக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. காற்று தார்ப்பாயின் ஒரு மூலையைப் பிய்த்துக்கொண்டு போனது. அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஒரு தகரத்தைத் தூக்கி இரண்டு கைகளாலும் பானைக்கு மேல் பிடித்தபடி நின்றார். மழை அவர் முழங்கை வழியாக வடிந்தது.

"இன்னும் கொஞ்சம் ஒசத்திப் புடிங்க, புகையுது."

"ஒசத்தினா உனக்கு நனையும்."

"நனைஞ்சா நனையட்டும்."

அவர் உயர்த்திப் பிடித்தார். எதிரே அடுப்பங்கரை வாசலில் குருத்து வெளுப்பு போய்ப் பழுப்பேறி, நுனி சுருண்டு, மழையில் கனத்துத் தொங்கியது. வேலிக்கடியிலிருந்து ஒரு கோழி ஓடிவந்து, சிறகை உதறிக்கொண்டு, அந்த ஓலைக்குக் கீழாக நுழைந்து உள்ளே போனது. அது பாத்திரங்களுக்கிடையில் எதையோ கிளறும் சத்தம் வெளியே கேட்டது. இருவரும் அந்த வாசலையே பார்த்துக்கொண்டு மழையில் நின்றார்கள்.